முந்தி வந்தது பாதையா, தண்டவாளமா?

அத்தியாயம் 16

கஜந்திக்கு அன்றைக்கு விடியும்போதே வயிறு எரிந்தது. சீரகத் தண்ணீருக்கு ஆறுகிற எரிச்சல் என்றால் குசினிக்குள் போய் ஒரு கோப்பை குடித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். இது மாவட்டச் செயலகமான கச்சேரியிலிருந்து வந்த கடிதத்தைக் கண்ட நாளிலிருந்து பிடித்த எரிச்சல்.

அந்தக் கடிதத்தைப் போன வாரம் அவளோடு சேர்ந்து நீங்களும் வாசித்தீர்கள். துறைமுகப் பாதை தண்டவாளத்தைக் கடக்கிற புளியடிக் கடவையில் ஒரு மேம்பாலம் கட்டப் போகிறார்கள். அந்தச் செலவில் யார் எவ்வளவு பொறுப்பது என்று முடிவெடுக்கச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். நகரசபை சார்பில் திருமதி கஜந்தி நிருபன், தொழில்நுட்ப உத்தியோகத்தர். ரயில் பகுதி சார்பில் செல்வி லக்சனா அருளம்பலம், பொறியியலாளர். ஒரு தகப்பனின் இரண்டு பெண்களும் ஒரே தாளில் எதிர்த்தரப்பாக நின்றார்கள்.

தங்கையின் பெயருக்குப் பின்னால் இருந்த அந்தப் 'பொறியியலாளர்' என்ற சொல்லைக் கஜந்தி மூன்று தரம் வாசித்திருந்தாள். நியாயப்படி அது தனக்கு வந்திருக்க வேண்டிய சொல். ஏ.எல். பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய இசட் புள்ளி மயிரிழையில் தவறிப்போனது. இன்னொரு தரம் எடுப்பதற்குள் வீட்டில் கலியாணம் பேசி முடித்துவிட்டார்கள். எட்டு வருடம் கழித்து லக்சனா அதே பாடங்களை எடுத்து மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் படிக்கப் போனாள். அவள் படித்துத் தேறிய கணக்குக் கொப்பிகள் எல்லாம் அக்காவின் கையெழுத்தில் இருந்தவை. அதை இன்றுவரை ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை.

நேற்றுப் பின்னேரம் தங்கை தொலைபேசியில் வேறு வந்தாள்.

"அக்கா, நாளைக்குக் கூட்டத்துக்கு வீட்டு உறுதியைக் கொண்டு வரப் போறீங்களோ?"

"அதை உனக்கு நான் ஏன் சொல்ல வேணும்? நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

"கொண்டு வராதேங்கோ. சபைக்குப் பாரம் ஏறாமல் செய்ய வேற வழி இருக்கு. நான் பாத்துக்கொள்ளுறன்."

நான் பாத்துக்கொள்ளுறன். அக்காவின் பழைய பள்ளிக்கூடச் சட்டையை ஊசி குத்தி இறுக்கிப் போட்டுக்கொண்டு திரிந்தவள், இப்போது அக்காவுக்காகப் பார்த்துக்கொள்கிறாளாம். அந்தக் காணிப் பத்திரத்தைக் கண்டு பயந்துவிட்டாள் என்று கஜந்தி அந்த இடத்திலேயே முடிவு கட்டினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் நித்திரைகூட வந்தது.

இப்போது அலுமாரியைத் திறந்து, பட்டுச்சேலைகளுக்கு அடியில் கையை விட்டு, உறுதியை வெளியே எடுத்தாள். கணவன் நிருபன் டிப்போவுக்குப் போக வெளிக்கிட்டபடி அறை வாசலில் நின்றான். பஸ் திருத்துகிற மனிதன். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்கு உடனே பிடிபடும்.

"அந்த உறுதி ஏன் இப்ப?"

"பாதை முந்தியோ, தண்டவாளம் முந்தியோ எண்டுதான் இண்டைக்குக் கேள்வி. சுற்றறிக்கை அப்பிடித்தான் சொல்லுது. தண்டவாளம் முந்தியெண்டால் பெரிய பங்கு எங்கட சபைக்கு. பாதை முந்தியெண்டால் பெரிய பங்கு ரயில் பகுதிக்கு, எங்களுக்குப் பத்திலொண்டு. இது தண்டவாளம் போட முதல் எழுதின உறுதி. இதில பாதை இருக்கு."

"லக்சனா கொண்டு வராதேங்கோ எண்டு சொன்னதா ராத்திரிச் சொன்னீர்."

"அதுதான் கொண்டு போறன்."

நிருபன் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கினான். "ரயில் பகுதியைத் தோக்கடிக்கப் போறீரோ, தங்கச்சியைத் தோக்கடிக்கப் போறீரோ?" என்றான். அவள் சேலை முந்தானையை மடித்துக் குத்தினாள்.

அந்த உறுதி தாய்வழியாக வந்தது. மூத்த பெண்ணுக்குத் தாய்வீடு சீதனம், பெற்றவர்கள் வீட்டை விட்டு வெளியேறி அடுத்தவளுக்கு வேறு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களின் குடும்பத்தில் மாறாத வழக்கம். அப்படித்தான் பாதைக்கு வடக்கே இருந்த வீடு கஜந்திக்கு வந்தது. பாதைக்குத் தெற்கே, வீட்டுக்கு நேர் எதிரே இருந்த வெறுங்காணி லக்சனாவுக்கு. அதில் இந்த வைகாசியில்தான் அத்திவாரம் போட்டார்கள். வீடு எழும்பும்வரை லக்சனா உவர்மலையில் வாடகைக்கு இருந்தாள். தாய் காலமாகி நாலு வருடம். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்ற தகப்பன் அருளம்பலம், வழக்கத்தின்படி இளையவளோடு இருந்தார்.

வழக்கம்தான். ஆனாலும் தகப்பன் அங்கே கடற்காற்று வாங்கிக்கொண்டு, "லக்சி போட்ட தேத்தண்ணி, லக்சி வாங்கித் தந்த செருப்பு" என்று கதைக்கும்போது கஜந்திக்குப் பற்றிக்கொண்டு வரும். வழக்கம் அவளுக்கு வீட்டைக் கொடுத்தது. அப்பாவை மற்றவளுக்குக் கொடுத்துவிட்டது.

பத்து மணிக்குக் கச்சேரி மாடியில் நீள மேசையைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். தலைமைக் கதிரையில் மேலதிக அரசாங்க அதிபர் புஸ்பராணி. அவருக்கு இடப்பக்கம் வீதிப் பகுதிக்காரர்கள், வலப்பக்கம் நில அளவையாளர் நிப்றாஸ். லக்சனா கடைசியாக வந்தாள். அடர்நீலச் சேலை, கையில் ஒரு சின்னக் கணினி. அக்காவைப் பார்த்து, "வணக்கம் மேடம்" என்றாள்.

மேடம். கூட்டத்தில் அக்கா என்று கூப்பிடுவது முறையில்லை என்று கஜந்திக்கும் தெரியும். இருந்தும் அந்த மேடம் குத்தியது.

லக்சனா எழுந்து பேசினாள். பதட்டமில்லாத குரல். எது முந்தியது என்ற ஆராய்ச்சிக்குப் போகத் தேவையில்லை என்றாள். கடவை ஒரு நாளைக்குப் பதினொரு தரம் மூடப்படுகிறது, பயணிகள் ரயில் நாலுக்குத்தான், மிச்சம் ஏழும் துறைமுகப் பக்கம் பெட்டி இழுக்கிற எஞ்சின் முன்னும் பின்னும் போய்வருவதற்கு என்றாள். ஆகவே பாதைக்காரரை மறிப்பது அதிகம் ரயில்தான். ரயில் பகுதி ஐந்தில் இரண்டு, வீதிப் பகுதி ஐந்தில் இரண்டு, சபை ஐந்தில் ஒன்று என்று பங்கிட ரயில் பகுதி சம்மதிக்கிறது.

தன் பக்கத்துக் குறையைத் தானே எடுத்து மேசையில் வைத்தாள். வீதிப் பகுதிக்காரர் தலையாட்டினார்கள். புஸ்பராணி கண்ணாடியைக் கழற்றி, "நல்ல தயாரிப்பு" என்றார்.

ஐந்தில் ஒன்று என்றால் இழுத்துப் பிடித்துச் சபையால் பொறுக்கலாம். கஜந்தி அந்த இடத்தில் "சம்மதம்" என்று சொல்லியிருந்தால் எல்லோரும் றோல்ஸ் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் அந்த "நல்ல தயாரிப்பு" அவள் காதுக்குள் நின்றது. இருபது வருடம் சபையில் வடிகானும் மதகும் அளந்தவளுக்கு ஒருத்தரும் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை.

அவள் எழுந்தாள். "சபைக்கு ஐந்தில் ஒன்றும் கூட. சுற்றறிக்கைப்படி பத்தில் ஒன்றுதான். பாதைதான் முந்தி வந்தது. என்னிடம் ஆதாரம் இருக்கிறது."

லக்சனா அவளை நிமிர்ந்து பார்த்தாள். தலையை மிக மெல்ல, வேண்டாம் என்பதுபோல் ஆட்டினாள். அதைக் கண்டதும் கஜந்திக்கு உற்சாகம் கூடியது. உறுதியைப் பிரித்து, உரத்து வாசித்தாள்.

"தெற்கு எல்லை: துறைமுகத்துக்குப் போகிற வண்டிப் பாதை. தண்டவாளம் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. இது எழுதி எத்தனையோ வருடத்துக்குப் பிறகுதான் இங்கே ரயிலே வந்தது."

புஸ்பராணி உறுதியை வாங்கிப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார், திகதியைப் பார்த்தார். "இது பலமான ஆதாரம்" என்றார். வீதிப் பகுதிக்காரர் ஒருவர் கஜந்தியைப் பார்த்துச் சிரித்தார். லக்சனா குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குனிந்த தலையைப் பார்க்கக் கஜந்திக்கு எவ்வளவு இன்பமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் அவளை வெறுத்துவிடுவீர்கள். அவளுக்குக் கலியாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

"பிளானும் சேர்த்துத் தைச்சிருக்கு" என்றார் நிப்றாஸ். உறுதியின் கடைசித் தாளை விரித்து அளவுகோலை வைத்தார். "பாதை நாற்பது அடி எண்டு போட்டிருக்கு, மேடம்."

"இப்ப எத்தனை அடி?"

"இருபத்துநாலு."

"மிச்சம்?"

நிப்றாஸ் தன்னுடைய புது வரைபடத்தைப் பக்கத்தில் வைத்தார். "தெற்குப் பக்கத்து எல்லைக்கல் பழைய இடத்திலதான் நிக்குது. நான் போன மாதம் பாத்தனான். பாதை வடக்குப் பக்கத்தாலதான் ஒடுங்கியிருக்கு. பதினாறு அடி. பாலத்துக்கு ஏறுகிற சரிவுக்கு எங்களுக்குத் தேவையும் ஏறக்குறைய அவ்வளவுதான். பாதைக் காணி எண்டால் நட்டஈடும் இல்லை."

புஸ்பராணிக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. செலவு குறைகிறதே. "வடக்குப் பக்கத்தில் இப்போது என்ன கட்டடம் இருக்கிறது?" என்று கஜந்தியைக் கேட்டார். அந்தப் பகுதிக்குச் சபையின் உத்தியோகத்தர் அவள்தானே.

கஜந்தி மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"என்ர வீட்டு ஹோல்" என்றாள்.

அவள் கலியாணத்துக்கு முந்திய மாதம் வீட்டின் முன்கூடமான அந்த ஹோலை முன்னால் இழுத்துக் கட்டியது அவளுக்கு நல்ல ஞாபகம். பன்னிரண்டு அடி ஹோல், அதற்கு முன்னால் படியும் மதிலும். சொந்த முற்றத்தில்தான் கட்டுகிறார்கள் என்றே நினைத்திருந்தாள். உறுதியை எத்தனை தரம் எடுத்துப் பார்த்தும் பிற்காலத்தில் சேர்த்துத் தைத்த, தன் பெயர் இருந்த சீதனப் பக்கத்தைத்தான் பார்த்தாள். அளவெடுக்கிறதே தொழிலாக இருந்தவள் தன் வீட்டு வாசலை ஒரு நாளும் அளக்கவில்லை.

லக்சனா எழுந்தாள். "மேடம், சரிவைத் தெற்குப் பக்கம் திருப்பலாம். அங்கே வீடு இல்லை, வெறும் அத்திவாரம்தான்."

"காணிக்காரர் சம்மதிக்க வேணுமே. நட்டஈடு யார் கொடுக்கிறது?"

"காணிக்காரி நான்தான். நட்டஈடு வேண்டாம்."

புஸ்பராணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடிதத்தில் இருந்த இரண்டு பெயர்களையும் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. "இரண்டு பேரும் சகோதரங்கள் எண்டால் வாய்ப்பேச்சு காணாது. எந்தப் பக்கம் எண்டு சபையின் சிபாரிசு கையெழுத்தோடு வர வேணும். தெற்கு எண்டால் காணிக்காரியின் சம்மதமும் அதே தாளில். வெள்ளிக்கிழமைக்குள் தாருங்கோ."

பின்னேரம் ஐந்து மணிக்கு லக்சனாவின் கார் வந்து வாசலில் நின்றது. அருளம்பலம் முதலில் இறங்கினார். அந்த ஹோலுக்குள் வந்து, சுவரை ஒருதரம் தடவிவிட்டுக் கதிரையில் இருந்தார். நிருபன் வேலையால் வந்த அழுக்குச் சட்டையோடேயே நின்றான்.

"பிள்ளை, பிழை என்ரதான்" என்றார் அருளம்பலம். "உன்ர கலியாணத்துக்கு மணவறை வைக்க ஹோல் காணாமல் கிடந்தது. தம்பலகாமத்திலயிருந்து மாப்பிள்ளை பகுதி ரெண்டு பஸ்ஸில வருகினம் எண்டிச்சினம். முன்னால இழுத்தனான். மேசன் அப்பவே கேட்டவன், ஐயா இது பாதைக் காணியெல்லோ எண்டு. ஆர் வந்து அளக்கப் போறான் எண்டு நினைச்சன்."

"உங்களுக்கு அப்பவே தெரியும்."

"ஓம்."

"இவளுக்கும் தெரியும்."

"பாலக் கதை அடிபட்ட உடன இவளுக்குச் சொன்னனான். எப்பிடியாவது அந்த உறுதி வெளியில வராமல் பாரடி எண்டு."

ஹோல் போகப் போகிறது என்று காலையில் கேட்டபோதுகூடக் கஜந்திக்கு இப்படி வலிக்கவில்லை. அப்பா தன்னுடைய பிழையைக் கொண்டுபோய் இளையவளிடம் சொல்லியிருக்கிறார். இந்த வீட்டின் இரகசியத்தை, இந்த வீட்டுக்காரியை விட்டுவிட்டு அவளிடம்.

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"நீ குழம்புவாய் எண்டு..."

"அவள் குழம்ப மாட்டாள். அவள் பெரிய படிப்புப் படிச்சவள்."

"அக்கா, அதை விடுங்கோ." லக்சனா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். கீழே அவளுடைய சம்மதமும் கையெழுத்தும் ஏற்கெனவே இருந்தன. மேலே சபையின் சிபாரிசுக்கு ஒரு வெற்றுக் கோடு. "இதில தெற்கு எண்டு எழுதிக் கையெழுத்து வையுங்கோ. வீட்டில ஒரு கல்லும் அசையாது."

"உன்ர அத்திவாரம்?"

"போனாப் போகுது."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். போனாப் போகுதாம். இனி இந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கும்போதும் இது லக்சனா விட்டுக்கொடுத்த வீடு. வருகிறவர்கள் எல்லோரிடமும் அப்பா சொல்லுவார். தாய்வீடு ஒன்றுதான் கஜந்தியிடம் தங்கையிடம் இல்லாத பொருளாக இருந்தது. அதையும் இப்போது அவள் கையால் வாங்க வேண்டும்.

கஜந்தி பேனையை எடுத்தாள். கோட்டில் 'வடக்கு' என்று எழுதி, தன் கையெழுத்தையும் திகதியையும் வைத்தாள்.

நிருபன் எட்டிப் பார்த்தான். "உமக்கென்ன விசரோ?"

"இவள் பிச்சை போட்டு நான் இருக்கிற வீடு எனக்கு வேண்டாம். இடிக்கட்டும்."

லக்சனா தாளைப் பார்த்தாள். அவளுடைய முகம் மாறியது. சின்ன வயதிலிருந்து ஒருநாளும் அக்காவை எதிர்த்துப் பேசாதவள், இன்றைக்குப் பேசினாள்.

"உங்களுக்கு எப்பவும் நான் தோக்க வேணும். நான் தோக்காட்டில் நீங்களே விழுந்து காட்ட வேணும். இந்த ஹோலை நான் எப்பிடிப் பாத்தனான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? உங்கட மணவறை இதிலதான் வச்சது. அப்பா பாதையை வெட்டி உங்களுக்கு ஹோல் கட்டினவர். எனக்கு? முப்பத்துமூண்டு வயது, வாடகை வீடு, எதிர்க்காணியில நாலு வரிசைக் கல்லு. எத்தினை நாள் அந்தப் பக்கத்தில நிண்டு இந்த வீட்டைப் பாத்து வயிறெரிஞ்சிருப்பன். ஒருநாள் வாய் திறந்து கேட்டனானோ, ஏன் எல்லாம் அக்காவுக்கு மட்டும் எண்டு?"

அவள் தாளை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "நீங்கள் எழுதினதையே குடுக்கிறன்" என்றுவிட்டு வெளியே போனாள்.

அருளம்பலம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். மூத்தவளின் தோளில் கை வைக்கப் போனவர், காரின் கதவு சத்தம் கேட்டதும் கையை எடுத்தார். "அழுதுகொண்டு ஓட்டப் போறாள், தனிய விடேலாது" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார்.

கஜந்தி ஹோலின் நடுவில் நின்றாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. உடம்பெல்லாம் ஒரு இனிப்பு பரவியது. லக்சனாவுக்குப் பொறாமை. மொறட்டுவைக்குப் போனவளுக்கு, கார் ஓட்டுகிறவளுக்கு, அப்பாவைத் தன்னோடு வைத்திருக்கிறவளுக்கு, இந்த ஹோலைப் பார்த்துப் பொறாமை. கஜந்தி சுவர்களைப் பார்த்தாள். மணவறை வைத்த மூலையைப் பார்த்தாள். இருபது வருடமாகக் கூட்டித் துடைத்த இடம் இன்றைக்குத்தான் அவளுக்குத் தன்னுடையதாகத் தெரிந்தது.

இந்த வீடு அவளுக்கு வேண்டும்.

படியால் இறங்கி வந்து வாசற் படலையைப் பிடித்துக்கொண்டாள். கடவையில் கேற் விழுந்திருந்தது. துறைமுகப் பக்கமிருந்து எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு மெல்ல வந்தது. லக்சனாவின் கார் முன்னால் போக வழியில்லாமல் நின்றது. நூற்றைம்பது அடி தூரம். பின்கண்ணாடியால் அப்பாவின் வெள்ளைத் தலையும், அவருடைய கை தங்கையின் முதுகைத் தடவுவதும் தெரிந்தன.

"போய்க் கேளும்" என்றான் பின்னால் வந்த நிருபன். "பேப்பரை மாத்தி எழுதித் தாறன் எண்டு சொல்லும். அந்தப் பிள்ளை தந்திடும்."

தந்துவிடுவாள். கஜந்திக்கு அது நிச்சயமாகத் தெரியும். கண்ணாடியைத் தட்டி "லக்சி" என்று கூப்பிட்டால் போதும், மறுபேச்சில்லாமல் பையைத் திறப்பாள். அதை நினைக்க நினைக்கக் கஜந்தியின் கால் எழும்பவில்லை. அப்பாவின் கை இன்னும் அந்த முதுகிலேயே இருந்தது.

கடைசிப் பெட்டி போனது. கேற் எழும்பியது. கார் தண்டவாளத்தில் குலுங்கி ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, வளைவில் மறைந்தது. கஜந்தியின் கையெழுத்து அதற்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் படலையை விடாமல் நின்றாள்.